வேப்பமரம் திரும்பிய நேரம்: களக்குறிப்பேட்டின் ஒரு பக்கத்துக்கு உரை

வானிலை அளவெடுக்கக் கற்றுக்கொண்ட முதல் கோடையில் நான் வைத்திருந்த குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. அட்டை கிழிந்துவிட்டது. வியர்வை பட்ட இடங்களில் பென்சில் மங்கிவிட்டது. புதிதாகக் களத்துக்கு வருகிறவர்களுக்குப் பாடப்புத்தகத்தைக் கொடுப்பதற்கு முன்னால் நான் அதில் ஒரு பக்கத்தைத்தான் படிக்கக் கொடுக்கிறேன். பெரும்பாலும் எண்கள்தான், பன்னிரண்டு வரி. ஆனால் பழைய செய்யுளைப் போல, உரை இல்லாமல் படித்தால் ஒன்றும் விளங்காது. ஒரு சொல் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்று நின்று கேட்க வேண்டும்.

இடம், சென்னைக்குத் தெற்கே ஒரு பள்ளி மைதானம். கத்திரி வெயில் காலம், பள்ளிக்கு விடுமுறை. நானும் என்னோடு கற்றுக்கொண்ட ஒருத்தியுமாக நாங்கள் பிடிக்கப் போனது கடல்காற்றை. மே மாதத்தில் மேற்கிலிருந்து தரைக்காற்று வலுவாக அடிக்கும் நாட்களில், கடல்காற்று கரையோரத்திலேயே தடுக்கப்பட்டு நின்றுவிடும். மத்தியானம் தாண்டித்தான் உள்ளே நுழையும். சில நாள் நுழையாமலே போகும். அது நுழையும் தருணத்தை எண்ணாகப் பிடிக்க முடியுமா என்பதுதான் எங்களுக்குக் கொடுத்த வேலை.

பக்கம் இது:

மே 22. மைதானத்தின் நடு. கடல் கிழக்கே 4 கி.மீ. தென்கிழக்கே 40 மீட்டரில் வேப்பமரம், உயரம் சுமார் 9 மீ. கூண்டுக் கதவு வடக்கு.
காலை 8.30. உலர் 31.6, ஈரம் 27.2.
காற்று 260, 2.2 மீ/வி. 2 மீட்டர் உயரம், 10 நிமிடம்.
மேகம் 2, திரள். மழை இல்லை.
அழுத்தம் 1004.1.
11.30. உலர் 35.2, ஈரம் 30.1 ? கிண்ணம் வற்றியிருந்தது. 11.50க்குத்தான் பார்த்தேன்.
1.30. உலர் 37.8, ஈரம் 26.4. காற்று 280. அழுத்தம் 1001.6.
2.05. மரம் திரும்பியது. 2.06. நாடா திரும்பியது.
2.20. உலர் 34.0, ஈரம் 27.8. காற்று 130, 2.4 மீ/வி.
2.30. அழுத்தம் 1001.1.
மறுநாள் 8.30. அழுத்தம் 1004.0.
படித்தது: 11.30 வரை நான், பிறகு அவள். சேர்த்துப் பார்த்ததில் அவள் 0.1 கூடுதல்.

இனி உரை.

*மைதானத்தின் நடு. கடல் கிழக்கே 4 கி.மீ. தென்கிழக்கே 40 மீட்டரில் வேப்பமரம், உயரம் சுமார் 9 மீ.*

முதல் வரியில் வெப்பமும் இல்லை, காற்றும் இல்லை. இடம் மட்டும். கருவிகளை இறக்கியதும் கை பரபரக்கும். உடனே ஒரு எண்ணை எழுதிவிட வேண்டும் என்று தோன்றும். எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் முதல் அரைமணி நேரம் எந்தக் கருவியையும் தொட விடவில்லை. மைதானத்தைச் சுற்றி நடக்கச் சொன்னார். எந்தத் திசையில் என்ன நிற்கிறது, எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம், தரை புல்லா மண்ணா சிமெண்டா என்று வரையச் சொன்னார். "மரம் இருக்கே, எழுதினியா?" என்று கேட்டார். காற்று மேற்கிலிருந்து வருகிறது, மரம் தென்கிழக்கில் நிற்கிறது, அதை எதற்கு எழுத வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. சொன்னதற்காக எழுதினேன். அந்த மரம் மத்தியானம் வேலைக்கு வந்தது. அந்த வரியில் சொல்கிறேன்.

காற்றுமானியை வைக்க ஒரு விதி உண்டு. பக்கத்தில் எது நின்றாலும், அதன் உயரத்தைப்போல் குறைந்தது பத்து மடங்கு தூரம் தள்ளி வைக்க வேண்டும். 9 மீட்டர் மரத்துக்கு 90 மீட்டர். எங்கள் மைதானத்தில் அவ்வளவு இடம் இல்லை. களத்தில் விதிப்படி இடம் கிடைப்பது அபூர்வம்தான். கிடைக்காதபோது செய்யக்கூடியது, எவ்வளவு மீறினோம் என்று எழுதி வைப்பது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சென்னையில் 1796லிருந்து வானிலைப் பதிவுகள் உண்டு. இருநூறு ஆண்டைத் தாண்டிய அப்படிப்பட்ட தொடரைக் கையில் எடுக்கும் ஆய்வாளர் முதலில் தேடுவது எண்களை அல்ல. கருவி எங்கே இருந்தது, எந்த வருடம் இடம் மாறியது, எப்போது புதுக் கருவி வந்தது என்பதைத்தான். கூண்டை ஒரு கட்டடத்தின் பக்கமாக நகர்த்தினால் வெப்பம் அரை டிகிரி கூடிவிடலாம். அதை யாரும் எழுதி வைக்கவில்லை என்றால், பின்னால் வருகிறவர் அந்த அரை டிகிரியை ஊரின் தட்பவெப்பம் மாறியதாக எடுத்துக்கொள்வார்.

*கூண்டுக் கதவு வடக்கு.*

வெள்ளை அடித்த மரப்பெட்டி, நாலு பக்கமும் இரட்டைச் சட்டங்கள், காற்று உள்ளே போகும், வெயில் போகாது. இதை வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன் ஸ்காட்லாந்துக்காரர், கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர். 'புதையல் தீவு' எழுதிய ஆர். எல். ஸ்டீவன்சனின் அப்பா. வட அரைக்கோளத்தில் கூண்டின் கதவு வடக்குப் பார்த்திருக்க வேண்டும் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். திறக்கும்போது வெயில் உள்ளே விழாமல் இருக்க.

ஸ்காட்லாந்தில் அது சரி. நம் ஊரில் ஒரு சிக்கல். சென்னை 13 டிகிரி அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவெயில் நமக்கு வடக்கே சாய்ந்து நிற்கும். காலை வெயிலும் கிழக்குக்குக் கொஞ்சம் வடக்கேயிருந்து வரும். ஆக மே 22 காலை 8.30க்குக் கதவைத் திறந்தால், வெயில் சாய்வாகக் கூண்டுக்குள் எட்டிப் பார்க்கும். நம் உடம்பைத்தான் நிழலாக நிறுத்த வேண்டும். விதியைப் படித்தவர்கள் அது எந்த ஊரில் எழுதப்பட்டது என்றும் யோசித்துக்கொள்வது நல்லது.

*காலை 8.30. உலர் 31.6, ஈரம் 27.2.*

8.30 என்பது இந்திய நேரம். உலகப் பொது நேரத்தில் காலை 3 மணி. அதே நொடியில் உலகம் முழுக்க நிலையங்களில் அளவு எடுக்கிறார்கள். இந்தியாவில் மழைக்கணக்கின் நாளும் 8.30க்குத்தான் தொடங்கி முடிகிறது. இன்று காலை 8.30க்கு அளந்து இன்றைய தேதியில் எழுதும் மழையில் பெரும்பகுதி நேற்றுப் பெய்ததாக இருக்கலாம். செய்தித்தாளில் மழையளவைப் பார்த்து "நேத்துதானே பெஞ்சுது?" என்று குழம்புகிறவர்களுக்கு இதுதான் பதில்.

இரண்டு வெப்பமானிகள். ஒன்றின் குமிழ் வெறுமையாக இருக்கும். இன்னொன்றின் குமிழில் மெல்லிய மஸ்லின் துணி சுற்றி, அதிலிருந்து ஒரு திரி பக்கத்துக் கிண்ணத்துத் தண்ணீருக்குள் போகும். துணியிலிருந்து நீர் ஆவியாகும்போது குமிழ் குளிரும். காற்று வறண்டிருந்தால் நிறைய ஆவியாகும், நிறையக் குளிரும். மண்பானைத் தண்ணீர் வறண்ட வெயிலில் அதிகம் குளிர்வதும், புழுக்கமான நாளில் அவ்வளவாகக் குளிராததும் இதே கணக்குத்தான். தண்ணீர் வாலை வடித்த நீராக இருக்க வேண்டும். கடலோரத்தில் துணியை அடிக்கடி மாற்ற வேண்டும். உப்பு படிந்த துணி பொய் சொல்லும்.

படிக்கும் விதத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்தால்தான் புரியும். மூச்சை அடக்கிக்கொண்டு கதவைத் திற. கண் பாதரசத்தின் நுனிக்கு நேர் மட்டத்தில். முதலில் தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணைப் படி: ஆறு. அப்புறம் முழு எண்: முப்பத்தொன்று. தலைகீழாக ஏன்? நீ கதவைத் திறந்த நொடியிலிருந்து உன் உடம்புச் சூடும் மூச்சும் வெப்பமானியை ஏற்றிக்கொண்டிருக்கின்றன. முப்பத்தொன்று என்பது பத்து நொடியில் மாறாது. ஆறு, ஏழாகிவிடும். எது முதலில் கெட்டுப்போகுமோ அதை முதலில் எடு. பால் பாத்திரத்தை வெயிலில் விட்டுவிட்டு அரிசி மூட்டையை யாரும் முதலில் உள்ளே தூக்குவதில்லை.

படித்ததும் உரக்கச் சொல்ல வேண்டும். எழுதுகிறவர் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். பென்சிலால்தான், பேனா மை மழையில் ஓடிவிடும். பென்சில் என்றாலும் ரப்பர் கூடாது.

இனி கணக்கு. ஈரக் குமிழின் வெப்பத்தில் காற்று அதிகபட்சம் எவ்வளவு நீராவி தாங்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்: 27.2க்கு 36.0 மில்லிபார். அதிலிருந்து, இரண்டு வெப்பமானிகளின் வித்தியாசத்தைக் காற்றழுத்தத்தாலும் 0.0008 என்ற எண்ணாலும் பெருக்கிக் கழிக்க வேண்டும். வித்தியாசம் 4.4, கழிப்பது 3.5, மிச்சம் 32.5. இதுதான் அந்த நேரத்தில் காற்றில் இருந்த நீராவியின் அழுத்தம். 31.6 டிகிரிக் காற்று தாங்கக்கூடியது 46.4. ஆக, ஒப்பு ஈரப்பதம் 70 சதவீதம்.

அந்த 0.0008 எங்கிருந்து வந்தது என்று மாணவர்கள் கேட்பதில்லை. கேட்க வேண்டும். அது கூண்டுக்குள் இயல்பாக வந்துபோகும் காற்றுக்கு உரிய எண். விசிறி வைத்துக் காற்றை இழுக்கும் கருவி என்றால் அது 0.00066 அளவுக்குக் குறையும். மாற்றிப் போட்டால், இதே பக்கத்தின் 1.30 மணிக் கணக்கில் ஒன்றரை மில்லிபாருக்கு மேல் பிழை வரும். வெப்பமானி சரி, படித்தது சரி, கூட்டல் கழித்தலும் சரி; எந்தக் கருவியால் எடுத்தது என்று எழுதாத ஒரே குறையால் விடை தப்பாகிவிடும்.

*காற்று 260, 2.2 மீ/வி. 2 மீட்டர் உயரம், 10 நிமிடம்.*

260 என்பது காற்று வரும் திசை. வடக்கிலிருந்து வலமாகச் சுற்றி 260 டிகிரி, அதாவது மேற்கிலிருந்து சற்றே தெற்கு. போகும் திசையா, வரும் திசையா என்று புதியவர்கள் தடுமாறுவார்கள். தமிழில் தடுமாற வேண்டியதே இல்லை. தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. நம் மொழி காற்றுக்குப் பெயர் வைத்ததே பிறந்த இடத்தை வைத்துத்தான்.

காற்று ஒரு நொடி இருப்பதுபோல் மறுநொடி இருக்காது. அதனால்தான் பத்து நிமிடச் சராசரி. உயரம் ஏன் எழுத வேண்டும்? தரையோடு உரசும் காற்று மெதுவாகப் போகும். மேலே போகப் போக வேகம் கூடும். உலகத்தார் ஒப்பிடுவது 10 மீட்டர் உயரக் காற்றை. எங்களிடம் இருந்ததோ 2 மீட்டர்க் கழி. குட்டையான புல்தரையில், காலை வேளைக்கு, 2 மீட்டர் வேகத்தைச் சுமார் 1.38ஆல் பெருக்கலாம். 2.2 என்பது 3.0 ஆகும். நடுப்பகலில் தரை கொதித்துக் காற்று மேலும் கீழுமாகக் கலக்கும்போது இந்தப் பெருக்கம் குறைந்துவிடும். எனவே குறிப்பேட்டில் 3.0 என்று எழுதக் கூடாது. 2.2 என்றும், 2 மீட்டர் என்றும் எழுத வேண்டும். பெருக்குவதை வீட்டில் உட்கார்ந்து வேறு தாளில் செய்துகொள்ளலாம்.

*மேகம் 2, திரள். மழை இல்லை.*

வானத்தை எட்டுப் பங்காக நினைத்து, அதில் மேகம் மூடியது எத்தனை பங்கு என்று சொல்வது வழக்கம். திரள் என்பது பஞ்சுக்குவியல் மேகம்.

"மழை இல்லை" என்ற இரண்டு சொல்லைத்தான் மாணவர்கள் அதிகம் விட்டுவிடுகிறார்கள். இல்லாததை எதற்கு எழுதுவது என்று கேட்கிறார்கள். வெற்றிடம் விட்டால், மழை பெய்யவில்லையா, நீ பார்க்கவில்லையா என்று படிக்கிறவருக்குத் தெரியாது. மழைமானியைத் திறந்து, உள்ளே காய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு எழுதும் "இல்லை" ஓர் அளவீடு. அதற்கு 40 மில்லிமீட்டருக்கு இருக்கும் மதிப்பு அத்தனையும் உண்டு.

*அழுத்தம் 1004.1.*

இதைக் கடைசியில், சரியாக 8.30க்குப் படிக்க வேண்டும். மற்றவற்றை அதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் முடித்துக்கொள்ள வேண்டும். இந்த எண்ணுக்கான உரை இங்கே முடியாது. 2.30க்கும் மறுநாளுக்கும் போய்த்தான் முடியும்.

*11.30. உலர் 35.2, ஈரம் 30.1 ? கிண்ணம் வற்றியிருந்தது. 11.50க்குத்தான் பார்த்தேன்.*

இந்த வரியில் நான் செய்த தவறு இருக்கிறது. பக்கத்திலேயே எனக்கு மிக வேண்டிய வரியும் இதுதான்.

காலையில் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றியது நான். பாதிதான் ஊற்றினேன். மேற்குக் காற்றில் அது மளமளவென்று வற்றி, திரி காய்ந்து, துணி முக்கால்வாசி உலர்ந்துவிட்டது. நான் கவனிக்காமல் 30.1 என்று படித்து எழுதினேன். இருபது நிமிடம் கழித்துத்தான் பார்த்தேன். பகீரென்றது. சுற்றிலும் யாரும் இல்லை. பென்சிலில் எழுதியது, அழித்தால் தெரியாது. 26.8, 26.9 என்று ஏதாவது எழுதினால் எல்லாரும் நம்புவார்கள், ஏனென்றால் பொருந்தும்.

எண்ணைத் தொடாமல், பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, நடந்ததை எழுதினேன். எனக்கு அப்போதே பெரிய நேர்மை இருந்தது என்று சொல்ல மாட்டேன். ரப்பர் கூடாது என்ற கட்டளை அவ்வளவு கண்டிப்பாக இருந்தது.

அன்று இரவு கணக்குப் போட்டபோதுதான் அந்தக் கட்டளையின் அருமை தெரிந்தது. காற்றில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதைப் பனிநிலையால் சொல்வது நல்ல வழி. அந்த வெப்பத்துக்குக் குளிர்ந்தால் காற்றிலுள்ள நீராவி நீராகத் தொடங்கும். காலை 8.30க்குப் பனிநிலை 25.5. பிற்பகல் 1.30க்கு 21.3. நடுவில் 11.30க்கு மட்டும் 28.4. மேற்கிலிருந்து வறண்ட காற்று அடித்துக்கொண்டிருக்கும்போது நீராவி திடீரென்று கூடி மறுபடி இறங்குவதற்கு வழியே இல்லை. ஏரியும் வரவில்லை, மழையும் வரவில்லை. ஆக, எண்ணே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. பக்கத்தில் காரணமும் எழுதியிருக்கிறது. இப்படித்தான் அளவீட்டைச் சோதிக்க வேண்டும்: முன்னும் பின்னும் உள்ள அளவோடு வை, அன்றைய காற்றோடு வை, நடக்கக்கூடியதா என்று கேள்.

நான் அழித்து 26.9 என்று எழுதியிருந்தால் வரைபடம் அழகாக இருந்திருக்கும். அதில் ஒரு புள்ளி வானத்திலிருந்து வந்ததாக இருக்காது, என் மனதிலிருந்து வந்ததாக இருக்கும். எது எந்தப் புள்ளி என்று பிறகு எனக்கே தெரியாமல் போயிருக்கும். சந்தேகமான எண்ணைப் பகுப்பாய்வில் ஒதுக்கி வைக்கலாம். அதற்கு உரிமை உண்டு. குறிப்பேட்டில் மாற்ற உரிமை இல்லை.

*1.30. உலர் 37.8, ஈரம் 26.4. காற்று 280. அழுத்தம் 1001.6.*

தலையில் துண்டு போட்டுக்கொண்டு எடுத்த அளவு. நீராவி அழுத்தம் 25.2, ஒப்பு ஈரப்பதம் 39 சதவீதம். காலையில் 32.5 இருந்த நீராவி இவ்வளவு இறங்கியதற்குக் காரணம் மேற்குக் காற்றும், தரைச்சூட்டில் கிளம்பிய காற்று மேலேயுள்ள வறண்ட காற்றோடு கலந்ததும்.

*2.05. மரம் திரும்பியது. 2.06. நாடா திரும்பியது.*

கருவியில் படிக்காத வரி இது. கழியின் உச்சியில் ஒரு நாடா கட்டியிருந்தோம். காற்று சட்டென்று செத்தது. பத்துப் பதினைந்து நொடி இலை அசையவில்லை. பிறகு வேப்பமரத்தின் இலைகள் வெளிறிய பக்கத்தைக் காட்டிக்கொண்டு நம் பக்கமாகப் படுத்தன. மரத்துக்கும் கழிக்கும் 40 மீட்டர். ஆள் நடக்கும் வேகத்தில் வந்தால் அரை நிமிடம். அப்புறம் நாடா எழுந்து வடமேற்கே நீண்டது. முகத்தில் ஈரக்காற்று பட்டது. அவள் "வந்துடுச்சு" என்றாள்.

இந்த வரி இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2.00 முதல் 2.10 வரை பத்து நிமிடச் சராசரி போட்டால், அதில் பாதி 280, பாதி 130. கூட்டி இரண்டால் வகுத்தால் 205. அன்று தெற்கிலிருந்து ஒரு நொடிகூடக் காற்று வீசவில்லை. கணக்கு மட்டும் வீசியதாகச் சொல்லும். திசைகளை வெறும் எண்ணாகக் கூட்டக் கூடாது. 350ஐயும் 10ஐயும் சராசரி எடுத்தால் 180 வரும், வாடை தென்றலாகிவிடும். ஒவ்வொரு அளவையும் கிழக்கு மேற்காகவும் வடக்கு தெற்காகவும் பிரித்துக் கூட்ட வேண்டும். அப்படிக் கூட்டினாலும், காற்று ஆளே மாறிய பத்து நிமிடத்துக்குச் சராசரி என்று ஒன்று கிடையாது. மாறிய நேரம்தான் உண்டு. அதைக் கண்ணால் பார்த்து எழுத வேண்டும்.

இப்போது தானியங்கி நிலையங்கள் ஊர் ஊராக வந்துவிட்டன. பாதரசத்தை உலகமே கைவிட்டு வருகிறது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. இரவு பகல் பாராமல், தூங்காமல் அளக்கும் கருவி பெரிய வரம். ஆனாலும் கற்கிறவர்கள் சில வாரமாவது கையால் அளக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். இலை வெளிறியதைப் பார்த்தவருக்குத்தான், கணினித் திரையில் ஒரு கோடு வெட்டி இறங்கும்போது அங்கே என்ன நடந்திருக்கும் என்று தெரியும்.

*2.20. உலர் 34.0, ஈரம் 27.8. காற்று 130, 2.4 மீ/வி.*

காற்று மாறிய உடனே படிக்காமல் கால் மணி நேரம் காத்திருந்ததற்குக் காரணம், கூண்டுக்குள் காற்று மாறவும் பாதரசம் இறங்கி நிற்கவும் நேரம் வேண்டும் என்பது.

1.30க்கும் 2.20க்கும் இடையில் வெப்பம் 3.8 டிகிரி இறங்கியது. ஒப்பு ஈரப்பதம் 39லிருந்து 61 சதவீதம் ஆனது. பலர் இந்த இரண்டையும் எழுதிவிட்டு முடித்துவிடுவார்கள். நான் முதலில் அப்படித்தான் முடித்தேன். "ஈரப்பதம் ஏன் ஏறிச்சு? காத்து குளிர்ந்ததாலயா, தண்ணி வந்ததாலயா?" என்று கேட்டார் ஆசிரியர்.

நல்ல கேள்வி. காற்று குளிர்ந்தாலே, அதில் ஒரு துளி நீராவி கூடாமலே, ஒப்பு ஈரப்பதம் ஏறும். 1.30க்கு இருந்த அதே 25.2 மில்லிபார் நீராவியை 34.0 டிகிரியில் வைத்தால் 47 சதவீதம் வரும். நாங்கள் அளந்ததோ 61. மிச்ச 14 எங்கிருந்து வந்தது? நீராவி அழுத்தத்தைப் பார்த்தால் தெரியும்: 25.2 இருந்தது 32.3 ஆகியிருக்கிறது. பனிநிலை 21.3லிருந்து 25.4. அது புதிய நீராவி. பழைய காற்று குளிரவில்லை. அந்தக் காற்றே போய்விட்டது, அதன் இடத்தில் கடல்மேல் கிடந்த வேறு காற்று வந்து உட்கார்ந்திருக்கிறது. இதைத்தான் நாங்கள் பிடிக்கப் போனோம்.

இந்த ஏற்றம் படிப்பதில் நேர்ந்த பிழையாக இருக்கலாமா? ஈரக் குமிழில் 0.2 டிகிரி தவறாகப் படித்திருந்தால் நீராவி அழுத்தம் சுமார் 0.6 மாறும். ஏறியிருப்பதோ 7.1. பிழையைப்போல் பத்து மடங்குக்கும் மேல். இந்த இரண்டாவது கணக்கைப் போட்ட பிறகுதான் "கடல்காற்று வந்தது" என்று அறிக்கையில் எழுத அனுமதி கிடைத்தது.

அடுத்தது காற்று: 130. தென்கிழக்கு. அதே திசையில்தான் வேப்பமரம். 90 மீட்டர் தள்ளி இருக்க வேண்டியது 40 மீட்டரில் நிற்கிறது. ஆகவே 2.4 என்பது மரம் மறைத்தது போக எங்களுக்கு வந்து சேர்ந்த வேகம். உண்மையான கடல்காற்று அதைவிட வலுவாக இருந்திருக்கும். எவ்வளவு வலு என்று இந்தப் பக்கத்திலிருந்து சொல்ல முடியாது. காலை 2.2க்கும் பிற்பகல் 2.4க்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று ஒப்பிடவும் கூடாது. ஒன்று திறந்தவெளி, இன்னொன்று மர நிழல். காலையில் எதற்கென்று தெரியாமல் நான் எழுதிய மரம் இங்கே வந்து என் கையைப் பிடித்தது.

*2.30. அழுத்தம் 1001.1. மறுநாள் 8.30. அழுத்தம் 1004.0.*

காலை 1004.1, பிற்பகல் 1001.1. ஆறு மணி நேரத்தில் மூன்று மில்லிபார் இறக்கம். குளிர்நாட்டுப் புத்தகத்தை மட்டும் படித்தவர் இதைப் பார்த்தால் புயல் வருகிறது என்பார். வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் கடலைப்போலவே தினமும் இரண்டு தடவை ஏறி இறங்கும். காலை 10 மணி, இரவு 10 மணி வாக்கில் உச்சம். விடியற்காலை 4, மாலை 4 வாக்கில் தாழ்வு. வெயில் காற்றுமண்டலத்தைச் சூடாக்குவதால் எழும் அலை அது. மூன்று, நான்கு மில்லிபார் ஏற்ற இறக்கம் சாதாரணம்.

அப்படியானால் வங்கக்கடலில் உண்மையாகவே தாழ்வுநிலை உருவாகும்போது எப்படிக் கண்டுபிடிப்பது? நேற்று இதே நேரத்தோடு ஒப்பிட வேண்டும். தினசரி அலை இரண்டு நாளிலும் ஒரே இடத்தில் நிற்கும், கழித்தால் போய்விடும். 1004.1லிருந்து 1004.0. இருபத்துநாலு மணி நேர மாற்றம் 0.1. ஒன்றும் இல்லை. அந்த ஒரு எண்ணை எடுப்பதற்காக மறுநாள் காலை முதல் பேருந்தைப் பிடித்துப் போனோம். கூண்டைக் கழற்றி வண்டியில் ஏற்றும் முன் எடுத்த கடைசி அளவு அது.

*படித்தது: 11.30 வரை நான், பிறகு அவள். சேர்த்துப் பார்த்ததில் அவள் 0.1 கூடுதல்.*

கிண்ணம் வற்றிய விஷயத்துக்குப் பிறகு நான் எழுத உட்கார்ந்தேன், அவள் படித்தாள். அவள் என்னைவிட உயரம். கூண்டுக்குள் பாதரச நுனியைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் அளவு கொஞ்சம் குறைவாகத் தெரியும், மேலிருந்து குனிந்து பார்த்தால் கூடுதலாகத் தெரியும். நேர் மட்டத்தில் வைத்துப் பார்ப்பதாகத்தான் இருவரும் நினைத்தோம். மாலையில் ஆசிரியர் எங்களை ஒருவர் பின் ஒருவராக, அடுத்தவர் சொன்னது காதில் விழாதபடி, ஒரே வெப்பமானியைப் பத்து முறை படிக்கச் சொன்னார். சராசரியில் அவள் 0.1 கூடுதல். யார் சரி என்று அவர் சொல்லவில்லை. வித்தியாசத்தைக் குறிப்பேட்டில் எழுதச் சொன்னார்.

1.30ம் 2.20ம் அவளே படித்தவை. அதே கண், அதே கூண்டு, அதே இடம். 37.8லும் 34.0லும் 0.1 கூடுதலாக இருந்தால் இருக்கட்டும். கழிக்கும்போது அது அடிபட்டுப் போகும். 3.8 டிகிரி நிற்கும்.